ஒற்றை றிமோட்காரர்

ரொறன்ரோவில் நம்மவர்களிடையே புதிதாக ஓர் இனம் தலையெடுத்திருக்கிறது. ஒற்றை றிமோட்காரர்.

ரீவிக்கு ஒன்று, கசற் போடும் டெக்குக்கு ஒன்று, அம்பிளிபயருக்கு ஒன்று என்று மேசையில் றிமோட்டுகள் கிடந்தால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு பட்டனை அமத்த வேண்டும். திரைச்சீலை தானாக மூட, விளக்குகள் மங்க, ஐந்து ஸ்பீக்கர்களும் உறும, படம் ஓட வேண்டும். அதற்கு முன் அந்த வீட்டில் ஒருவரும் படம் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். ஆனால் எழும்பிப் போய்ப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். அது ஒரு வாழ்க்கையா?

மோர்னிங்சைட்டில் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு ஒன்றில் இருக்கும் சண்முகநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி சப்பாத்தைக் கழற்றுமுன்னரே சோபாவின் நடுவில் இருத்திவிடுவார். "ஒரே அமத்து, அவ்வளவுதான்" என்பார். றிமோட்டின் பிளாஸ்ரிக் உறையை மட்டும் கழற்றமாட்டார்.

சூட்சுமம் பெரிதல்ல. சாமானின் பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பெட்டி. றிமோட்டின் கட்டளை மின்கம்பி வழியே ஓடிப்போய் அதை எழுப்பும். ஒட்டிய வீட்டுக் கம்பிக்கும் அது பாயும் என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எழுத்து. பெட்டி தன் எழுத்துக்குத்தான் கீழ்ப்படியும். கடையிலிருந்து வரும்போது எல்லாம் 'ஏ'. பக்கத்து வீட்டு பஸ்ரியனுக்கும் ஆசை காட்டி, வாங்குவித்து, பூட்டிக்கொடுத்தவர் சண்முகநாதனே. எழுத்தை மாற்றினாரா? அதெல்லாம் சின்ன விஷயம்.

மனைவி பாலேஸ்வரிக்கு இதெல்லாம் வேண்டாம். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தங்கை அருள்மலரின் கலியாணம் பரிஸில் நடந்தது. அகதி வழக்கு முடியாததால் இவளால் போக முடியவில்லை. ஒருவழியாகக் கலியாண வீடியோக் கசற் வந்துவிட்டது. தங்கை கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும். "நானே போட்டுப் பாக்கிறன்" என்று எத்தனை தரம் கேட்டாள்! "பொறும். நாலு பேரைக் கூப்பிட்டு முறையாப் பாப்பம்."

ஞாயிறு பின்னேரம் முறையாகப் பார்த்தார்கள். அறை நிறைய ஆட்கள், கையில் ஆளுக்கொரு பொரித்த மீன் ரோல்ஸ். ஒரே அமத்து. திரை மூடியது, விளக்கு மங்கியது, நாதஸ்வரம் ஐந்து பக்கமும் முழங்கியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார்.

ரீவி செத்தது. விளக்குகள் பளீரென்று எரிந்தன.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று கசற்றைக் கொஞ்சம் பின்னால் சுற்றி மறுபடி அமத்தினார். மாப்பிள்ளை மறுபடி தாலியை எடுத்தார். மறுபடி செத்தது. மூன்றாம் தரமும் அப்படியே. பாலேஸ்வரி சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. காலில் சப்பாத்து இல்லாமல், கையில் றிமோட்டோடு பஸ்ரியன்.

"அண்ணை, வீட்டில பேய் ஒண்டு கிடக்குது. பூசைக்குப் போவம் எண்டு ரீவியை நிப்பாட்டுறன், அது திருப்பி எழும்புது. நிப்பாட்ட நிப்பாட்ட எழும்புது! என்ர மனுசி கிளடிஸ் செபமாலையோட நிக்கிறா."

சண்முகநாதன் வெட்கப்பட்டிருக்க வேண்டாமா? முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி, ரெண்டு வீடும் ஒரே றிமோட்டிலயடா!"

இருவரும் வெற்றி வீரர்களாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்கள், பெட்டிகளின் எழுத்தை மாற்ற.

பாலேஸ்வரி எழுந்து, ரீவிக்குப் பின்னால் முழங்காலில் குனிந்து, வெள்ளைப் பெட்டிகளைப் பிடுங்கிக் கம்பளத்தில் போட்டாள். ரீவியின் பிளக்கையும் டெக்கின் பிளக்கையும் நேரே சுவரில் செருகி, டெக்கின் பட்டனை அமத்தினாள். திரை மூடவில்லை, விளக்கு மங்கவில்லை. வெளிச்சத்திலேயே, ரீவியின் சொந்தச் சத்தத்திலேயே, அருள்மலருக்குத் தாலி ஏறியது. அறையிலிருந்தவர்கள் கையிலிருந்த அரைவாசி ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்கள்.

சண்முகநாதன் மூச்சு வாங்க வந்தார். "எல்லாம் சரி! இனித் தாலி கட்டுறதைப் பாப்பம்."

"கட்டியாச்சு."

"ஆர் போட்டது?"

"நான்தான்."

"எதால?"

"விரலால."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு அந்த வியாதி இல்லை, நல்லது. இன்றைக்கு வீட்டில் வேறு யாரையாவது ரீவியைப் போடச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் பேசாமல் போட்டுவிட்டால் பிழைத்தீர்கள். "இஞ்சாருங்கோ, ஒருக்கா வாங்கோ" என்று உங்களைக் கூப்பிட்டால், எழும்பிப் போங்கள். போகும்போது றிமோட்டின் உறையைக் கழற்றிவிடுங்கள்.