தொடையில் இறங்கிய 'செரிங்க'

எனக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது. இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள், வெறும் வாய்க்கோளாறு. கோயமுத்தூர்க்காரனான என் வாயில் எதற்கெடுத்தாலும் வந்து விழுவது 'செரிங்க' ஒன்றுதான். அது லேசுப்பட்ட சொல் அல்ல. ஆமாம் என்பதற்கும் செரிங்க, பார்க்கலாம் என்பதற்கும் செரிங்க. வீட்டுக்கு வந்தவர் காபி குடித்து முடித்து, தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு 'செரிங்க...' என்று இழுத்தால் கிளம்புகிறார் என்று அர்த்தம். போனில் நாலு தரம் சொன்னால் வைக்கப் போகிறோம் என்று அர்த்தம். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஒருவரிடம் ஆறு வருடத்துக்கு முன்னால் நான் போய்ச் சிக்கினேன்.

அன்னூரில் இருக்கும் என் தங்கை, மகளின் காதுகுத்துக்கு அழைக்க வந்திருந்தாள். குழந்தைக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அவளுக்கோ நான் ஒரே அண்ணன். தேதி, நேரம், கோயில் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு சோபாவில் கிடந்த என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொழந்தைய மடில வெக்கோணுமே, உனக்கு மடி எங்கண்ணா இருக்குது?"

குனிந்து பார்த்தேன். நியாயமான கேள்விதான். மடி இருக்க வேண்டிய இடத்தில் தொப்பை குடியேறி, முழங்கால்வரை பட்டா வாங்கியிருந்தது. காதுகுத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்குள் மடியை மீட்டுக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டேன்.

என் மனைவி பூங்கொடிக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. தினமும் காலையில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு உக்கடம் குளக்கரையில் நடந்துவிட்டு வருவாள், கல்யாணத்தன்று இருந்த மாதிரியே இருப்பாள். அவள் சொன்ன வைத்தியமும் அவ்வளவுதான். "என்ற கூட நடந்துபோட்டு வாங்க. ராத்திரி தோசைல ரெண்டக் கொறைங்க. தானா வத்திரும்."

இவ்வளவு சுலபமான ஒன்றைச் செய்ய என் மனசு ஒப்பவில்லை. நான் பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன். ஒரு போல்ட்டை முடுக்குவதற்கே எட்டுப் படிகள் எழுதி வைப்பேன், தொப்பையைச் சும்மாவா விடுவேன்? பன்னிரண்டு வாரத் திட்டம் ஒன்று போட ஆரம்பித்தேன். திங்கள் நெஞ்சு, புதன் முதுகு, வெள்ளி கால். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். தூக்கத்துக்கு ஒரு கட்டம், தண்ணீருக்கு ஒரு கட்டம், மனநிலைக்குக்கூட ஒரு கட்டம். (அதில் என்ன எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) நடுவில் இரண்டு தரம் திருத்தி எழுதினேன். பிறகு ஷூ தேடினேன், புரோட்டீன் பவுடர்களை ஒப்பிட்டு இன்னொரு அட்டவணை போட்டேன். பன்னிரண்டு வாரத் திட்டம் மாசுமருவில்லாமல் தயாரானபோது காதுகுத்துக்கு மூன்று நாள் பாக்கி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஜிம்முக்குப் போனேன். வெள்ளி என்றால் கால். அட்டவணையை மீறும் பழக்கம் எங்கள் டிபார்ட்மெண்டிலேயே கிடையாது.

பயிற்சியாளர் விக்னேஷ் சென்னையிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தங்கமான பையன். தோளில் ஒரு கம்பியை வைத்து, உட்கார்ந்து எழச் சொன்னார். பத்து முறை முடிந்ததும் எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. "ஓகேவா சார்?" என்றார். "செரிங்க..." என்று மூச்சு விட்டேன். ரொம்ப சந்தோஷம், நான் கிளம்பட்டுமா என்று அதற்கு அர்த்தம். அவர் கம்பியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு தட்டு எடையை மாட்டினார்.

அடுத்த பத்து முடிந்ததும் போனை வைப்பது மாதிரி "செரிங்க, செரிங்க, செரிங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "செம ஸ்பிரிட் சார் நீங்க" என்று இன்னொரு தட்டை மாட்டினார். மூன்றாவது முறை கம்பியை இறக்கி வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து, தொடையில் ஓங்கித் தட்டி, "செரிங்க..." என்றேன். எங்கள் ஊர்க்காரராக இருந்தால் வாசல்வரை வந்து வழியனுப்பியிருப்பார். விக்னேஷ் என்னை லெக் பிரஸ் மெஷினுக்கு அழைத்துப் போனார். 'முடியல தம்பி, விட்டுருங்க' என்பது தொண்டைவரை வந்தது. பையன் மனசு கஷ்டப்படுமே என்று அதையும் விழுங்கிவிட்டேன்.

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கிளட்சை மிதிக்க முடியாமல் பூங்கொடிதான் காரை ஓட்டினாள். வழி நெடுக அவள் தோள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டே இருந்தது.

கோயிலில் பாய் விரித்திருந்தார்கள். ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். என்னை உட்காரச் சொன்னார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கினேன். ஒரு சாண் இறங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. ஏறவும் இல்லை. கூடியிருந்த சொந்தமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. நேரம் போகிறதே என்று யாரோ ஒருவர், பெரியப்பா மகன் செந்திலும் மாமன் முறைதானே, அவன் உட்காரட்டும் என்றார். செந்தில் வேட்டியை மடித்துக்கட்டவே ஆரம்பித்துவிட்டான்.

என் தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சின்ன வயசில் நான் அவளை விட்டுவிட்டு விளையாடப் போகும்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பாள். எனக்குத் தொடைவலியைவிட அது அதிகமாக வலித்தது. எல்லோரும் என் 'செரிங்க'வுக்காகக் காத்திருந்தார்கள்.

"அது ஆகாதுங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "என்ற மருமவ என்ற மடிலதான் உக்காரோணும். ரெண்டு பேரு புடிச்சு என்னைய எறக்குங்க."

தங்கை வீட்டுக்காரர் ஒரு பக்கம், செந்தில் மறுபக்கம். போர்வெல்லில் மோட்டார் இறக்குவதுபோல 'விடு, விடு, நிறுத்து' என்று பக்குவமாக இறக்கினார்கள். பூங்கொடி என் கால்களை ஒவ்வொன்றாக மடித்துச் சம்மணம் போட்டுவிட்டாள். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தார்கள். பதினாலு கிலோ. ஊசி காதுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, நான் வீறிட்டேன். கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது.

ஆசாரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஏனுங்க, குத்தட்டுங்களா? இல்ல, மொதல்ல நீங்க அழுது முடிச்சுக்கறீங்களா?"

அழுவதற்காக வாயைக் கோணிய குழந்தை அதை மறந்துவிட்டு அண்ணாந்து என்னைப் பார்த்தது. லட்டு ஒட்டிய கையால் என் கன்னத்தைத் துடைத்தது. அந்த நேரத்தில் இரண்டு காதும் முடிந்துவிட்டது. அவள் முனகக்கூட இல்லை. நான் ஒழிக்க நினைத்த தொப்பைமேல்தான் தலையணை மாதிரி சாய்ந்திருந்தாள்.

சொந்தக்காரர்கள் உருகிவிட்டார்கள். மருமகள் காது குத்துவதற்கே இப்படி அழுகிறாரே, இதல்லவா பாசம் என்று ஒரு அத்தை தன் மகனுக்கு என்னைக் காட்டினார். நான் அதை மறுக்கவில்லை. என்னை எழுப்ப வேண்டிய இரண்டு பேரும் பந்திக்குப் போய்விட்டதால், பாயிலேயே இலை போட்டுச் சாப்பிட்டேன். அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். பூங்கொடிதான் அடுத்த விசேஷத்தில் எல்லா உண்மையையும் போட்டு உடைத்தாள்.

இப்போது நானும் குளக்கரையில்தான் நடக்கிறேன். திட்டமும் இல்லை, கட்டமும் இல்லை. தொப்பை பாதி வத்தியிருக்கிறது. மூச்சு வாங்கும்போது 'செரிங்க...' என்பேன். பூங்கொடி நிற்காமலே, "எந்தச் செரிங்க? நடக்கறதா, நிக்கறதா?" என்பாள்.

மருமகளுக்கு ஒன்பது வயதாகிறது. போன வாரம் மேல்காதும் குத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். வலிக்குமே அம்மணி என்றேன். "பயப்படாதீங்க மாமா. இந்தத் தடவ நான் சேர்ல உக்காந்துக்கறேன், உங்களுக்கு வலிக்காது" என்றாள்.

"செரிங்க" என்றேன். வீட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கேட்டார்கள், "எந்தச் செரிங்க?"