கொக்கி ஆன்டியின் மூங்கில் கழி

உலகத்தில் எந்தப் பொருளும் தரையில் கிடக்கப் பிறக்கவில்லை என்று உறுதியாக நம்பும் ஒரே ஜீவன் எங்கள் கொக்கி ஆன்டிதான். பிரிக்பீல்ட்ஸில் லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடியில், மூன்றாம் மாடியில், எனக்குப் பக்கத்து வீடு. ரயில்வே குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கப் பெண்மணி. ஞானஸ்நானத்தின்போது அவருக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது இப்போது பாதிரியாருக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

அவர் வீட்டுக்குள் நிமிர்ந்து நடக்க முடியாது. வாணலி, குடை, வெங்காயக் கூடை, வாழைத்தார், செருப்பு எல்லாம் அந்தரத்தில் தொங்கும். கூட்டிப் பெருக்க வசதியாக இருக்கும் என்று நாற்காலிகளையும் சுவரில் மாட்டி வைத்திருப்பார். முதல் முறை போனபோது, "உக்காரு தம்பி" என்றார். எங்கே என்று தேடினேன். தலைக்கு மேலே காட்டினார்.

கல்யாணங்களுக்குப் போனால் அவருடைய பரிசு ஒரு டப்பா நிறையக் கொக்கிகள். மிக்சி வாங்கிக் கொடுத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"மிக்சி எல்லாரும் குடுப்பாங்க தம்பி. அதோட வயரை எங்க மாட்டுவாங்க, அத யாரு யோசிச்சா?"

அவருடைய கைப்பையில் எப்போதும் எஸ் வடிவக் கொக்கிகள் கலகலக்கும். ஒரு நாள் கிள்ளானில் நல்ல சென்னாங்கின் மீன் வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பினார். ஒரே கூட்டம். மீன் பையைத் தரையில் வைப்பது அவர் கொள்கைக்கு விரோதம். பக்கத்தில் தொங்கிய வாரில் கொக்கியை மாட்டி, பையைத் தொங்கவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடினார். அந்த வார் ரயிலுடையது அல்ல. ஒரு கல்லூரிப் பையனின் முதுகுப்பையுடையது. பையன் சுபாங் ஜெயாவில் மீனோடு இறங்கிப் போய்விட்டான். ஆன்டி அன்று இரவு ரசமும் சோறும் சாப்பிட்டார். மீனைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை. கொக்கி கழன்று விழவில்லை, அதுதான் அவருக்குப் பெருமை.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மாலதி வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

மாலதி எதிர்வீடு. கணவருக்கு ஷா ஆலமில் வேலை கிடைத்து மதுரையிலிருந்து வந்தவர்கள். ஒரு மாலை, வடைக்கு எண்ணெயைக் காயவைத்துவிட்டு, பார்சல் வாங்க வாசலுக்கு வந்திருக்கிறாள். காற்றடித்துக் கதவு மூடிப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே. நடக்கத் தெரிந்து சில மாதங்களே ஆன மகன் கவினும் உள்ளே.

அவள் அலறல் கேட்டு ஓடினேன். வராந்தா பக்கம் இருந்த சமையலறை சன்னல் திறந்திருந்தது. ஆனால் இரும்புக் கம்பி. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கவின் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை அதை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தான். கதவை இடித்தேன், என் தோள்தான் நொந்தது. போம்பாவுக்கு, அதாவது தீயணைப்புப் படைக்கு, போன் செய்தேன். கிளம்பிவிட்டார்களாம், ஆனால் சாலையெல்லாம் ஜெம், வண்டி நகரவில்லையாம்.

அப்போது ஆன்டி வந்தார். நைட்டி, தலையில் துண்டு, கையில் துணி காயப்போடும் மூங்கில் கழி. அதன் நுனியில் ஒரு பெரிய கொக்கி கட்டியிருந்தது. கழியில் யாருடைய கைலியோ இன்னும் ஈரமாகத் தொங்கியது. அதை என் தோளில் போட்டார்.

"மாலதி, அழாத. அவன்கிட்ட சும்மா பேசிக்கிட்டே இரு. தம்பி, நீ ஒன்னும் செய்யாத லா, அது போதும்."

கழி கம்பிக்குள் நுழைந்தது. முதலில் ஒரு கரண்டியைத் தட்டிவிட்டது. கவின் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முக்காலியைத் தள்ளினான். அடுப்புக்கு இன்னும் ஒரு கை தூரம். மாலதி, காலையில் பார்த்த பூனையைப் பற்றி அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை, அவன் கால்சட்டையின் வார்கள் முதுகில் குறுக்கே கூடும் இடத்தில் கொக்கி மாட்டியது. ஆன்டி இழுக்கவில்லை. அப்படியே நிறுத்திப் பிடித்தார். நகர முடியாமல் போன கவின், இது ஏதோ விளையாட்டு என்று சிரித்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பின்பக்கமாகவே நடந்து சன்னலடிக்கு வந்து சேர்ந்தான். கம்பி வழியாக அவன் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

கழி மறுபடி உள்ளே போனது. எதிர்ச் சுவரில் சாவிக்கொத்து தொங்கியது. எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. ஆன்டியின் உதடுகள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தன. வளையம் கொக்கியில் சிக்கி, ஆடி ஆடி வெளியே வந்தது.

மாலதி கதவைத் திறந்து, அடுப்பை அணைத்து, பிள்ளையைத் தூக்கினாள். அப்போதும் நான் வெளியே நின்று அவன் கைகளை விடாமல் பிடித்திருந்தேனாம். "அண்ணே, விடுங்க" என்று அவள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விட்டேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். விளையாட்டு முடிந்துவிட்டதே என்று கவின் அழுதான்.

ஆன்டியைக் காணோம். தேடினால், மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கொஞ்சம் கைய புடிச்சிக்க தம்பி. இப்பதான் பயமா இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். போம்பாக்காரர்கள் ஓடிவந்து யாருக்கு உதவி வேண்டும் என்று கேட்டபோதும் விடவில்லை. இப்போதும் சந்தையிலிருந்து சேர்ந்து திரும்பும் நாட்களில், மூன்று மாடியும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். தனக்கு வயதாகிவிட்டதே என்று நான் துணைக்கு வருவதாக ஆன்டி நினைத்துக்கொண்டிருக்கிறார்.