சீனி போடாத சம்பந்தம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
திங்கட்கிழமை

பேரன்புக்குரிய அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தம்பி கதிர்காமநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்றும், அத்தான் இந்தக் கோடையிலாவது வீட்டுக்குப் பின்னால் கத்தரி நட்டிருப்பார் என்றும் நம்புகிறேன். எங்கள் சுகத்தைக் கேட்டால், உடம்பு சுகம், வீடு சுகமில்லை. வட்ஸ்அப் இருக்கும்போது இவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். இரண்டு அறை பிளாட்டில் நான் எந்த மூலையில் நின்று கதைத்தாலும் மனுசி கனகேஸுக்கும் கேட்கும், மகள் யதுஷாவுக்கும் கேட்கும். அதனால் கடற்கரை ரயில் நிலையத்து வாங்கில் குந்தியிருந்து எழுதுகிறேன். எங்கள் கீழ்மாடியில் இருக்கும் பிறிஜெற் ரீச்சர் வியாழக்கிழமை தன் மகனைப் பார்க்க ரொறன்ரோ வருகிறார். அவர் இதை உங்கள் கையில் தருவார். வாசித்து முடித்ததும் நீங்கள் யதுஷாவுக்கு போன் எடுத்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் தோற்றுவிட்டேன்.

விஷயம் உங்களுக்குப் பாதி தெரியும். யதுஷா வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே பகுதியில் இருக்கிற பெடியன், பெயர் ஸ்ரீனிவாஸ். பெடியனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே எனக்குப் பெரிய இடைஞ்சல். தகப்பன் பெயர் ஏகப்பன். ஊவாப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்து, தேயிலை பக்குவம் பார்க்கிற ரீ மேக்கராக ஓய்வு பெற்றவர். மனைவி தவறிய பிறகு மகனோடு கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். மலையகத்து ஆட்கள், தோட்டத்துக் கூலிப் பரம்பரை என்று நம்மூரில் யாரும் சம்பந்தம் வைக்காத சனம். குடும்பத்தை விசாரிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி நான் நாலு மாதம் கடத்தினேன். ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று ஒருநாள் கனகேஸிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவள் வெண்டைக்காய் வெட்டுவதை நிறுத்தாமல், "மலையகம் எண்டு சொல்லுங்கோ. அஞ்செழுத்துத்தானே, நாக்கு நோகாது" என்றாள். யதுஷா அப்படிப் பகிடியாகக் கதைக்கவில்லை. வேலைக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றபடி, "அப்பா, நீங்கள் ஓம் எண்டு சொல்லாட்டி நான் அவரைக் கட்டமாட்டன். ஆனா வேற ஒருத்தரையும் கட்டமாட்டன்" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னோடு கரண்ட் பில், கேஸ் சிலிண்டர் இவற்றைத் தவிர வேறு கதை இல்லை. அக்கா, அவள் சண்டை போட்டிருந்தால் நான் வென்றிருப்பேன். அவள் சண்டை போடவில்லை.

கடைசியில், போன மாதம் பௌர்ணமி விடுமுறை, போயா தினத்தன்று தகப்பனும் மகனும் வீட்டுக்கு வருவதென்று முடிவாகியது. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர்களே வேண்டாமென்று எழும்பிப் போகட்டும் என்று ஒரு திட்டம் போட்டேன். தேயிலையோடு வாழ்ந்த மனிதனுக்குக் கெட்ட தேத்தண்ணி கொடுப்பதைவிடப் பெரிய அவமரியாதை என்ன இருக்கிறது? ஆனால் வீட்டில் சீனி இல்லை. தை மாதம் என் இரத்தத்தில் சீனி கூட என்று அறிக்கை வந்த அன்றே கனகேஸ் சீனிப் பேணியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிறிஜெற் ரீச்சரிடம் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு நான் தேத்தண்ணியைக் கசாயம் போலக் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்கிவந்தேன். ரீச்சரிடம் போய் விருந்தாளிக்கு என்று சொல்லி ஒரு கோப்பை சீனி வாங்கினேன். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. காலி வீதிக் கடையில் ஆகத் தூளான தேயிலை ஒரு பக்கற்றும் ஒரு ரின்பாலும் வாங்கி, கனகேஸ் குளிக்கப் போன நேரம் பார்த்து, தேயிலையைக் கால் மணித்தியாலம் கொதிக்கவிட்டேன். தார் போல வந்தது. அதற்குள் அரை ரின் பால், கோப்பைக்கு நாலு கரண்டி சீனி.

ஏகப்பன் வெள்ளைச் சேர்ட்டும் கையில் துணிப்பையுமாக வந்து, கதிரையின் நுனியில் இருந்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தேகம் வராமலிருக்க எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். அவர் முதலில் நிறத்தைப் பார்த்தார். பிறகு மணந்தார். பிறகு ஒரு வாய் எடுத்தார். அவருடைய தாடை அப்படியே நின்றது. மகன் தகப்பனைப் பார்த்தான், யதுஷா என்னைப் பார்த்தாள், தலை துவட்டிக்கொண்டு வந்த கனகேஸ் அந்த வாசனையிலேயே எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு கதவடியில் நின்றுவிட்டாள். அந்த மனிதர் விழுங்கினார். இன்னொரு வாய் எடுத்தார். ஒரு அவசரமும் இல்லாமல் அடி வரை குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"முப்பத்தெட்டு வருசமா வாயில எடுத்து, ருசி பாத்து, துப்பித்தாங்க எனக்குப் பழக்கம்" என்றார். "சம்பந்தம் பேச வந்த வீட்டுல துப்பக்கூடாது இல்லீங்களா."

நாலு மாதத்துக்குப் பிறகு யதுஷா சிரித்த சத்தத்தை அப்போதுதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டி என் கோப்பையை வாங்கிக்கொண்டார். ஐயாவுக்குச் சீனி வியாதி என்று பிள்ளை சொன்னது, இதைக் குடிக்க வேண்டாம் என்றார். பிறகு கனகேஸிடம் திரும்பி, கொஞ்சம் தண்ணீர் கொதிக்கவைக்கலாமா என்று அனுமதி கேட்டார். என் வீட்டுக் குசினிக்குள் என்னைக் கேளாமல் போய்விட்டார், அக்கா. நானும் பின்னால் போனேன், வேறு என்ன செய்வது?

துணிப்பைக்குள் ஐந்து சின்னப் பக்கற்றுகள். கேத்திலில் கிடந்த பழைய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடித்தார். ஐந்து வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்தார். பச்சைத் தேயிலைக்கு மட்டும் கொதித்த தண்ணீரை ஆறவிட்டு ஊற்றினார், மற்றவற்றுக்குக் கொதி அடங்குமுன் ஊற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வடித்து முடிந்ததும், பாலும் இல்லை, சீனியும் இல்லை, இந்தாங்க என்று நீட்டினார். நான் குற்றம் பிடிப்பதற்கென்றே வாயில் வைத்து, கசக்குது என்றேன். அது கசப்பில்லை, துவர்ப்பு என்றார். கசப்பு தொண்டையடியில் தங்கும், துவர்ப்பு பல் முரசைப் பிடித்து இழுக்கும், மறுபடி பாருங்கள் என்றார். அவர் பிழை என்று காட்டுவதற்காகத்தான் மறுபடி குடித்தேன். முரசைத்தான் பிடித்து இழுத்தது. சத்தம் வர உறிஞ்ச வேண்டும், காற்றும் சேர்ந்து போனால்தான் நாக்குக்கு முழுதும் தெரியும் என்றார். நம்முடைய ஐயா உயிரோடு இருந்து, நான் அப்படி உறிஞ்சுவதைக் கேட்டிருந்தால் பிரம்பெடுத்திருப்பார். உறிஞ்சினேன். முதலாவது நுவரெலியா மலைத் தேயிலை, நிறமே இல்லாத மாதிரி இருந்துகொண்டு மூக்குக்குள் பூ மணத்தது. டிம்புல்ல அதைவிடக் கொஞ்சம் கெட்டி, வாயைக் கழுவித் துடைத்துவிட்டது போல. தென்பக்கத்து ருகுணைத் தேயிலை கறுப்பாக, கனமாக, சீனி போடாமலே ஒரு இனிப்பு அடியில் கிடந்தது. பச்சைத் தேயிலை எனக்குப் பிடிக்கவில்லை, அவித்த கீரைத் தண்ணீர் என்றேன். அது பரவாயில்லை, எல்லாம் எல்லாருக்கும் பிடிக்க வேண்டுமென்றில்லை என்றார். கடைசிக் கோப்பை ஊவா. ஆவணிக் காற்றுக் காலத்தில் பறித்ததாம். புதினாவைக் கசக்கி வைத்தது போல நாக்கில் ஒரு குளிர். நான் அந்தக் கோப்பையைக் கீழே வைக்க மறந்துபோனேன். கதவடியில் மூன்று பேரும் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும்தான் எனக்கு உறைத்தது. இது நல்லது என்று நான் சொன்னால் அது எதற்குச் சொன்ன ஓம் என்று கணக்காகும்? வேர்த்துவிட்டது. அந்தப் பதற்றத்தில், கேட்கக்கூடாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

"நீங்கள் தோட்டத்திலயோ பிறந்தனீங்கள்?"

கேட்ட விதம் எனக்கே பிடிக்கவில்லை, அக்கா. ஸ்ரீனிவாஸ் தலையைக் குனிந்துகொண்டான். யதுஷாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. ஏகப்பன் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஆமாங்க. லயத்து வரிசை வீட்டுல, ஏழாவது காம்பராவுல. இப்ப நீங்க கையில வச்சிருக்கிறது எங்கம்மா கொழுந்து பறிச்ச மலை. ஐயாவுக்கு அறுபத்தாறு வயசுன்னு சொன்னாங்க. இத்தன வருசமும் நாங்க செஞ்சதைத்தான் குடிச்சிருக்கீங்க. சீனி போட்டதால தெரியாமப் போயிருக்கும்."

கோபத்தோடு சொல்லியிருந்தால் நானும் கோபித்திருப்பேன், அன்றோடு விஷயம் முடிந்திருக்கும். ஆறுதலாக, நிதானமாகச் சொன்னார். போகும்போது ஐந்து பக்கற்றுகளையும் எங்கள் அலுமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலையில் எழும்பியதும் டிம்புல்ல, பத்து மணிக்கு ஊவா, பின்னேரம் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து நுவரெலியா. பலகாரம் ஏதும் இருந்தால் ருகுணை. மருந்து விழுங்குவது போலக் கண்ணை மூடுகிற பழக்கம் எப்போது விட்டதென்றே தெரியவில்லை. கனகேஸ் காணாமல் உறிஞ்சுகிறேன் என்று நினைத்திருந்தேன். பக்கத்துப் பிளாட் பௌஸி, அங்கிளுக்கு மூச்சுத் திணறல் ஏதுமோ என்று விசாரித்தாளாம். தேத்தண்ணி வேறு, சம்பந்தம் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மனதைக் கல்லாக்கிப் பக்கற்றுகளைத் திருப்பிக் கொடுத்து முடிவாகச் சொல்லிவிட்டு வருவதென்று கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். புறக்கோட்டையில் பஸ் மாறி, வேர்த்து வழிந்து, மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். வழியெல்லாம் பாடமாக்கிய வசனம் வாய்க்குள் இருந்தது. ஏகப்பன் கதவைத் திறந்து, என் முகத்தையும் கையிலிருந்த பையையும் பார்த்தார்.

"பதில் சொல்ல வந்திருக்கீங்க" என்றார். "உக்காருங்க. தண்ணி கொதிக்கட்டும்."

கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, ஒரே தேயிலையை இரண்டு தரம் அளந்தார். கரண்டி கோப்பையில் பட்டுச் சத்தம் போட்டது. இந்த மனிதர் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது, அக்கா. மகனுக்காகப் பயப்படுகிறார். நான் என் மகளுக்காகப் பயப்படுவது போலவே. கோப்பை கைக்கு வந்தது. வாயைத் திறந்தேன். வந்த வசனம், "இது எந்த மலை?" அவர் சொல்லத் தொடங்கினார். இரண்டு மணித்தியாலம் போய்விட்டது. கொண்டுபோன ஐந்து பக்கற்றோடு இன்னும் இரண்டு சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தேன். பதில் சொல்லவில்லை.

ஆகவேதான் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கு அவர் தேத்தண்ணி ஊற்றித் தர முடியாது. மூத்தவர் என்ற முறையில் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. பேரக்குஞ்சுகளுக்கு முருகன் நல்ல புத்தியையும், குளிர் தாங்கும் உடம்பையும் கொடுக்கட்டும்.

உங்கள் பாசமுள்ள தம்பி,
கதிர்காமநாதன்

பி.கு.: வியாழன் காலை. நேற்றுப் பின்னேரம் சித்தப்பாவின் மகன் சண்முகம் தெஹிவளையிலிருந்து வந்திருந்தான். ஊவா ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, சீனி எங்கே என்றான். இதற்குச் சீனி போடுவதில்லை என்றேன். "உது ஆர் தந்தது, உந்தத் தோட்டக்காட்டானோ?" என்று கேட்டுச் சிரித்தான். நான் போயாவன்று கேட்டது இதைவிட நாகரிகமான தமிழில், அவ்வளவுதான் வித்தியாசம். என்னைக் கேளாமலே என் வாய் சொன்னது: "தந்தது என்ர சம்பந்தி. கதையை அளந்து கதை, சண்முகம்." அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். அறைக்குள்ளிருந்து யதுஷா வந்து என் பக்கத்தில் இருந்தாள். கரண்ட் பில் பற்றிக் கதைக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கனகேஸ் உடனே கொட்டாஞ்சேனைக்கு போன் எடுத்துவிட்டாள். பதிவுத் திருமணம் அடுத்த மாதம் பதினான்காம் திகதி. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுத வேண்டும், ஆனால் கீழே பிறிஜெற் ரீச்சரின் வான் வந்து ஹோர்ன் அடிக்கிறது. ஆகவே மேலே எழுதியது ஒன்றையும் வாசிக்க வேண்டாம். வாசித்திருந்தால் மறந்துவிடுங்கள். யதுஷாவுக்கு போன் எடுக்க வேண்டாம், ஏகப்பனுக்கு எடுங்கள். இலக்கம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. சம்பந்தி என்றே சொல்லுங்கள். அந்தச் சொல்லை நானும் இப்போதுதான் சொல்லிப் பழகுகிறேன்.