பாலத்தில் நான் நிற்கவில்லை

சரவணம்பட்டி,
18.9.1995

மேன்மை பொருந்திய மச்சான் லட்சுமணசாமி அவர்களுக்கு, வேங்கடசாமி பணிவோடு எழுதிக்கொள்வது. கோபியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நடவு நல்லபடியாக முடியட்டும். இங்கே நானும் உங்கள் தங்கை மாரியாத்தாளும் எருமையும் சுகம். பையன் தீபக்கைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. ஒன்பது நாளாக அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தாங்கள் பெரிய மனது பண்ணி, பெருந்துறையில் உங்கள் மில்லில் மூட்டைக்கு நம்பர் எழுதும் வேலையாவது கொடுத்து, அவனை உடனே அழைத்துக்கொள்ள வேண்டும்.

போன வருடம் பையன் பவுண்டரி தொடங்கப்போகிறான் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன் அல்லவா, அது தவறு. “அப்பா, நானும் ஆசிப்பும் ஹெவி மெட்டல் பண்ணப் போறமுங்க” என்றான். கோயமுத்தூரில் இதைக் கேட்டால் யாருக்கும் என்ன தோன்றும்? இரும்பு வார்க்கப் போகிறான் என்று நினைத்து, நான் அவனுக்குப் பார்த்திருந்த அன்னூர்ப் பெண் வீட்டார் வரைக்கும் சொல்லிவிட்டேன். மோட்டார் காயில் கட்டுகிற வேலுமணியின் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தார்கள். ஒரு வாரம் கழித்து வேலுமணி வந்து, “ஏனுங்க ஹவில்தாரே, பையனுக்கு வயித்துக்கு ஆகலீங்களா? காத்தால இருந்து ஓங்கரிச்சிட்டே கெடக்கறானுங்க” என்றார். செருப்புப் போடாமல் ஓடினேன். அங்கே அவன் கூட்டாளி ஆசிப் டிரம்ஸை அடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய அத்தா கோட்டைமேட்டில் வைத்திருக்கும் பாத்திரக் கடை மொத்தமும் மாடிப்படியில் உருண்டு வருவது போலிருந்தது. நம் பையன் கிட்டாரை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சூடு வைத்த காளை மாதிரி கத்திக்கொண்டிருந்தான். ஹெவி மெட்டல் என்பது அந்தப் பாட்டுத்தானாம். மாரியாத்தாள் சித்தரத்தைக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு இன்னும் நன்றாகக் கத்தினான். எருமை கால்படி பாலைக் குறைத்துவிட்டது.

“இது கான்செப்ட் ஆல்பமுங்கப்பா. ஏழு பாட்டும் ஒரே யுத்தத்தோட கதை” என்றான். ஒரே கதையை எதற்கடா ஏழு தடவை சொல்கிறாய் என்று கேட்டேன். சிரித்தான். எந்த யுத்தம் என்று நான் கேட்கவில்லை. பாட்டில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. அது தெய்வம் எனக்குச் செய்த உபகாரம் என்று பின்னால்தான் தெரிந்தது.

இந்த ஒன்பதாம் தேதி மண்டபத்தில் கேசட் வெளியீடு. அன்று காலையில்தான் கேசட் அட்டை அச்சாகி வந்தது. பார்த்தால், நான் பட்டாளத்தில் சேர்ந்தபோது எடுத்த போட்டோ! அதற்குக் கீழே ஏழு பாட்டையும் தெளிவாக அச்சடித்திருந்தார்கள். எல்லாம் அறுபத்திரண்டு சீனாச் சண்டை. பாலத்தின் முனையில் நானும் என் பட்டாளத்துக் கூட்டாளி நஞ்சுண்டனும் ஒற்றைத் துப்பாக்கியோடு நின்று நம் ஆட்களை அக்கரை சேர்த்தோம் என்றும், அவன் என் மடியில் உயிர்விட்டான் என்றும் முப்பத்துமூன்று வருடமாக நான் சொல்லிவந்தேனே, அந்தக் கதை. முதலில் எண்பது பேரைக் காப்பாற்றினேன், உங்கள் வீட்டுச் சீருக்கு வந்தபோது அது இருநூறாகிவிட்டது. பையன் இருநூறையே பாட்டில் வைத்துவிட்டான்.

மண்டபத்துக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். நாற்பது பேர் சாப்பாட்டுக்கு. முதல் வரிசையில் வெள்ளைச் சேலையில் ஒரு அம்மாள். “யாருடா அது?” என்றேன். “கோமளாம்மாங்கப்பா. நஞ்சுண்டன் மாமாவோட சம்சாரம். உங்க ட்ரங்குப் பெட்டியில இருந்த பழைய கடுதாசியப் பார்த்து, புளியம்பட்டி போயி கூட்டியாந்தனுங்க. உங்களுக்குச் சந்தோசமா இருக்கும்னு சொல்லாம வெச்சிருந்தேன்” என்றான். ஏழு பாட்டையும் அந்த அம்மாள் காதைப் பொத்தாமல், மடியில் கைவைத்துக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்ததும் எனக்குப் பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டார்கள். அதை அந்த அம்மாள் கையால் போர்த்த வேண்டும் என்று தீபக் மைக்கில் சொன்னான். அவர் எழுந்து வந்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை மச்சான். மைக்கைப் பிடுங்கி, “இதெல்லாம் பொய்யிங்க” என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கும் உள்ளதை எழுதிவிடுகிறேன். நாங்கள் கோவேறு கழுதை ஓட்டியவர்கள். அரிசி மூட்டையும் மண்ணெண்ணெயும் மலைமேல் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. ஒரு சீனாக்காரனைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது, எல்லோரும் ஓடினோம். நஞ்சுண்டனுக்குக் கடுங்காய்ச்சல், கால் விரல்கள் கறுத்துவிட்டன. பாறை ஓரமாக உட்கார்ந்துவிட்டான். “நீ முன்னால போ வேங்கடா, நான் மெதுவா வாரேன்” என்றான். வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். போய்விட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்து அந்தப் பெண்ணைத் துக்கம் விசாரிக்கப் போனபோது, பத்தொன்பது வயசு, கையில் கைக்குழந்தை, வாயில் வந்தது அந்தப் பாலம். அதன் பிறகு என்னால் அதிலிருந்து இறங்க முடியவில்லை.

மண்டபத்தில் இதைச் சொல்லி முடித்தேன். சமையல்காரர்கூடக் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து நின்றார். கோமளா அம்மாள் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டே, “ஏனுங்க, அவருக்குக் குடிக்கத் தண்ணி இருந்துச்சுங்களா?” என்றார். “என் பாட்டல வெச்சுட்டுத்தானுங்க வந்தேன். கம்பளியையும் போத்தியுட்டேன்” என்றேன். இது சத்தியம் மச்சான், இதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. வீரக் கதையில் தண்ணீர்ப் பாட்டிலுக்கு இடம் இல்லை. “அவரு பட்டாசு வெடிச்சாலே ஊட்டுக்குள்ள ஓடிக்குவாருங்க. துப்பாக்கி புடிச்சு நின்னாருன்னு நீங்க சொன்னப்ப, அது வேற ஆரோன்னுதான் நெனச்சேன். இப்பத்தானுங்க அவரு செத்த சேதி எனக்கு வந்திருக்குது” என்றார். பொன்னாடையை நாற்காலியில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

தீபக் கேசட் அத்தனையையும் சாக்கில் கட்டி எருமைக் கொட்டாயில் போட்டுவிட்டான். கிட்டாருக்குத் துணி போர்த்திவிட்டான். நான் கூடத்துக்கு வந்தால் எழுந்து போகிறான். மாரியாத்தாள், “நீங்க செத்துப் பொழைச்சு வந்ததே எனக்குப் போதுமுங்க, பாலம் எதுக்குங்க” என்கிறாள். சொல்லிவிட்டு அடுப்படியில் அழுகிறாள். வீடு இப்போது எத்தனை நிசப்தமாக இருக்கிறது தெரியுமா? எருமைக்குப் பால் கூடிவிட்டது. எனக்கு அது இறங்கவில்லை. ஆகவே பையனைக் கூட்டிக்கொள்ளுங்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவன் இங்கே இருக்க வேண்டாம். உங்கள் பேரப் பிள்ளைகளிடமும் அந்த இருநூறு பேரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டாம்.

பாரியூர்க் கொண்டத்துக் காளி உங்கள் குடும்பத்தையும் வயலையும் பச்சையாக வைத்திருக்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
வேங்கடசாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மூன்று நாள் ஓடிவிட்டது. வேலை வேண்டாம் மச்சான், மேலே எழுதியதைக் கிழித்துப்போடுங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் தீபக் வந்து எதிரே உட்கார்ந்து, “கோவேறு கழுதைய எப்படீங்கப்பா அதட்டுவீங்க?” என்றான். அதட்டிக் காட்டினேன். எழுந்து போய் ஆசிப்பைக் கூட்டிவந்தான். ஏழு பாட்டையும் மாற்றி எழுதுகிறார்கள். துப்பாக்கியே கிடையாது, எல்லோரும் ஓடுகிறார்கள். புளியம்பட்டி போய் அந்த அம்மாளிடமும் கேட்டுவிட்டு வந்தான். “அந்தத் தண்ணிப் பாட்டல் இருக்கோணும்” என்று மட்டும் சொன்னாராம். கடைசிப் பாட்டில் நான்தான் கத்த வேண்டுமாம். நேற்றுப் பகல் முழுக்கக் கத்தினேன், தொண்டை கட்டிவிட்டது, அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். நஞ்சுண்டா என்று கூப்பிடுகிற இடத்தில் மட்டும் எத்தனை தடவை எடுத்தும் குரல் வரவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்கிறான் பையன்.