விண்வெளித் தளபதிக்குச் சந்தனப் பொட்டு

சர்ர்ர்.

செல்லோடேப் கிழியும் சத்தம். மற்றவர்களுக்கு இது பிறந்தநாள் பரிசை ஞாபகப்படுத்தும். எனக்கு ஒரே ஒரு பெட்டியை. துணிக்கடையிலோ வீட்டிலோ யாராவது எதையாவது பிரித்தால், இரண்டடி தள்ளி நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

மூடிக் கிடக்கும் எதையும் திறக்காமல் விட முடியாத பிறவி நான். (தாம்பூலப் பையை மண்டப வாசலிலேயே துழாவும் ஆள் யார் என்று நினைத்தீர்கள்?) மொட்டைப் பார்த்தால் பரிதாபம், உறையைப் பார்த்தால் பதற்றம். வசன கவிதை எழுதுகிறவனுக்கு இது ஒரு தகுதி என்றே நம்பியிருந்தேன், செந்திலின் பொம்மை என் கைக்கு வரும்வரை.

செந்தில் என் மனைவி மல்லிகாவின் தம்பி. கம்மாபுரம் பக்கம் வேலை. பெற்றவர்கள் இப்போது இல்லை. அவனுக்கு எல்லாம் கடலூரில் நாங்கள்தான். சிதம்பரத்தில் கயல்விழி என்ற பெண்ணை அவனுக்குப் பிடித்துவிட்டது. அவளுடைய அப்பா அருணகிரி பழைய விண்வெளிப் பொம்மைகளைச் சேகரிப்பவர். ஒரு பொம்மையைக் கையில் வாங்கினால் அசலா, போலியா, எந்த நிலையில் இருக்கிறது என்று மதிப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

செந்திலிடமும் ஒன்று இருந்தது. சின்ன வயதில் சிங்கப்பூரிலிருந்து வந்தது. நான்கு கை, நெற்றியில் ஒற்றைக் கண், முதுகில் ராக்கெட். "பரீட்சை முடியட்டும், பிரிக்கலாம்" என்று என் மாமியார் பரணில் ஏற்றினார். பரீட்சை மேல் பரீட்சை வந்தது. பையன் வளர்ந்துவிட்டான், பெட்டி மட்டும் பிரிக்கப்படவே இல்லை.

"மொதல்ல அத கொண்டாங்க, பாக்குறேன். பொண்ணு விஷயம் அப்புறம் பேசலாம்" என்று அருணகிரி சொல்லியனுப்பினார். விளையாட்டுக்குச் சொன்னதல்ல.

செந்திலுக்கு லீவு கிடைக்கவில்லை. "மாமா, கீழ போட்டுறாதீங்க, வெயில்ல காட்டாதீங்க" என்று ஃபோனில் கெஞ்சினான். பிரிக்காதீங்க என்று மட்டும் சொல்லவில்லை. கிளம்புகிறவனிடம், போகிற வழியில் நெருப்பைத் தின்னாதே என்று யாராவது சொல்வார்களா?

காலையில் மல்லிகா தட்டு வைத்தாள். வெற்றிலை, பாக்கு, பூ, பழம். நடுவில் அந்தப் பெட்டி. சகிக்கவில்லை. சம்பந்தம் பேசப் போகிற தட்டில் பார்சல் சாப்பாடு மாதிரி! உற்றுப் பார்த்தேன். பிளாஸ்டிக் ஜன்னலுக்குப் பின்னால், கைகள் நான்கும் கட்டப்பட்டு ஒரு தளபதி. நட்சத்திரங்களுக்கு நடுவே பறக்கப் பிறந்தவன். எத்தனை காலச் சிறை!

சர்ர்ர்.

"ஏங்க, செந்தில் எதுனா சொல்லப் போறான்."

"நல்ல காரியத்துக்குப் போறப்ப மூஞ்ச மூடிக்கிட்டா போவாங்க?"

மல்லிகா ஒற்றைக் கண்ணுக்கு மேலே சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். ஒரு கையில் மல்லிகைச் சரமும் தொங்கியது. விடுதலை பெற்றவனின் களை!

பஸ் ஸ்டாண்டில் மழை. கிடைத்த ஒரே ஜன்னலோர சீட் நனைந்து கிடந்தது. என் மஞ்சப்பையில் காலிப் பெட்டி இருந்தது. (இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது.) தட்டையாக மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். மடியில் தட்டு, தட்டில் தளபதி. வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் அவனை ஜன்னலுக்குத் தூக்கி, "பாருடா, ஆறு" என்று காட்டினேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய் வேறிடத்தில் நின்றுகொண்டார்.

அருணகிரி வீட்டில் சுவரெங்கும் கண்ணாடி அலமாரி. அத்தனை பொம்மையும் பெட்டிக்குள்ளேயே. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'பாவம், பிரிக்கக்கூட நேரமில்லாத மனுஷன்' என்றுதான் நினைத்தேன். அவர் வெள்ளைக் கையுறை மாட்டி, பூதக்கண்ணாடியோடு தயாராக நின்றார்.

தட்டின் மேல் துணியை விலக்கினேன்.

பூதக்கண்ணாடி அந்தரத்தில் நின்றது. அதற்குப் பின்னால் அவருடைய ஒரு கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

"பெட்டி?"

"பத்திரமா இருக்குங்க" என்று பெருமையோடு எடுத்து நீட்டினேன்.

வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். ஈரத்தில் ஊறிய அட்டையின் நடுவே விரலை வைத்தார்.

"இது என்னா பள்ளம்?"

"அது... நான்தாங்க."

அவர் கை நாற்காலியைத் தேடியது. காபியோடு வந்த கயல்விழி, "அப்பா, மூச்சு விடுங்கப்பா" என்று கத்தினாள்.

"பிரிக்காத பீஸு சார் இது. இந்த பொம்மையில இப்படி ஒண்ண நேர்ல நான் பாத்ததே இல்ல. பிரிச்சா மதிப்பே போச்சு" என்றார் அவர். "காத்தால வரைக்கும் இருந்திருக்கு."

காலையில்கூட நல்லாத்தான் பேசினார் என்று துக்க வீட்டில் சொல்வார்களே, அதே குரல். ஒரு கல்யாணத்தின் மேல் உட்கார்ந்து, கடலூரிலிருந்து சிதம்பரம் வரை வந்திருக்கிறேன்!

அவரே செந்திலுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "தம்பி, உங்க மாமா பெட்டிய பிரிச்சிட்டாரு. அது மேலயே உக்காந்து வந்திருக்காரு."

மறுமுனையில் வேலையிடத்து இயந்திர இரைச்சல். அதற்கு மேலே செந்திலின் குரல்.

"மாமா... சீட்டு ஈரமா இருந்துச்சா?"

"ஆமாம் மச்சான்."

"ஈரத்துல உக்காந்தா உங்களுக்கு இடுப்பு புடிச்சுக்குமே. பரவால்ல மாமா." குரல் உடைந்தது. "பரவால்ல."

அருணகிரி ஃபோனை அணைத்தார். கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். நான் செருப்பு கிடந்த திசையைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

"நானா இருந்தா உங்கள கடலூர் வரைக்கும் நடக்க வுட்டிருப்பேன்" என்றார். பிறகு, பொம்மைக்கு மதிப்புச் சொல்லும் குரலில்: "பையன் நல்ல கண்டிஷன் சார். ஒரு கீறல் இல்ல."

அடுக்களைப் பக்கம் ஒரு டம்ளர் உருண்டது. கயல்விழியைக் காணவில்லை.

அந்த அட்டை இன்று அவருடைய அலமாரியில் தனி விளக்கோடு இருக்கிறது. பக்கத்தில் பொட்டு வைத்த தளபதி. வீட்டுக்கு வருகிறவர்கள் "இது என்ன பள்ளம்?" என்று கேட்டால் அவர் பதில் சொல்வதில்லை. என்னை எழுந்து திரும்பி நிற்கச் சொல்கிறார். செந்திலும் கயல்விழியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அன்று வாசலில் செருப்பு மாட்டும்போது, "அப்ப நாள் பாத்துறலாங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது.

"பாத்துறலாம் சம்பந்தி. மாப்பிள்ளையயாவது பிரிக்காம அனுப்பி வைங்க."