ஏலக்காய்க்கு நடுவே ஒரு கருவாட்டுப் பொட்டலம்

விருந்துக்குப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்பார்கள். நான் வெறுங்கையோடு போயிருக்கலாம்.

1978 புரட்டாசியில், கல்லூரி நண்பன் சீனிச்சாமியின் போடிநாயக்கனூர் வீட்டுக்குப் போனேன். எனக்குக் கடற்கரை ஊரான மண்டபம் பக்கம் என்பதால் கையில் இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு. (புரட்டாசி என்பது பஸ் ஏறும்போது நினைவில்லை.) வாசலில் அவன் அப்பா நெற்றி நிறைய நாமத்தோடு நின்றார். "வாங்க தம்பி, இந்த மாசம் நம்ம வீட்டுல கவுச்சி கெடையாது. சமாளிச்சுக்கிருவீகளா?"

பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்து, எனக்கும் சைவம்தான் பிடிக்கும் என்றேன்.

எனக்கு ஒதுக்கிய அறையில் பதினொரு ஏலக்காய் மூட்டைகள். (எண்ணாமல் எனக்குத் தூக்கம் வராது.) சீனிச்சாமி தன் பொறுப்பில் எடுத்த முதல் காய். நல்ல விலைக்குப் போனால் மலைத் தோட்டம் அவனுக்கு, இல்லையென்றால் சித்தப்பா கைக்கு என்று அப்பா சொல்லியிருந்தாராம்.

ஏலக்காய் வாசம் கருவாட்டு வாடையை அமுக்கிவிடும் என்று கணக்குப் போட்டு, பொட்டலத்தை மூட்டைகளுக்கு நடுவே சொருகினேன். (கணக்கில் பட்டம் வாங்கியவன்.) ஜன்னலையும் சாத்தினேன். பகலில் அவன் ஜமீன் அரண்மனையைக் காட்டினான். நான் தூண்களை எண்ணினேன். மூன்று ராத்திரியும் எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. கடற்கரையில் வளர்ந்த மூக்கு.

நான்காம் நாள் மூட்டைகள் ஏலத்துக்குப் போயின. பொட்டலத்தை என் பைக்கு மாற்றிக்கொண்டு நானும் போனேன். மாதிரிக் காயைத் தட்டில் வைத்துச் சுற்றுக்கு விட்டார்கள். முதல் வியாபாரி முகர்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "என்ன சீனி, இது மலையில வெளஞ்சதா, கடல்ல வெளஞ்சதா?"

வரிசையே சிரித்தது. விலை ஏறவில்லை.

"காய எங்க வைக்கணும்னுகூடத் தெரியல. இவன நம்பித் தோட்டத்தக் குடுக்கணுமாக்கும்" என்றார் கூட வந்திருந்த அவன் அப்பா. சீனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். இருபது வரை எண்ணினேன், தைரியம் வரவில்லை. நூறு எண்ணியபின் பையைத் திறந்து காட்டினேன்.

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எம்மகன் மேல தப்பில்ல. ஆனா இப்பிடி ஆளக் கூட்டாளியா வச்சிருக்கவனுக்குத் தோட்டத்தக் குடுக்க யோசிக்கணும்ல."

யோசித்து முடிக்க அவருக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரை தோட்டம் சித்தப்பாவிடம் இருந்தது. சீனிச்சாமி இன்றுவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

அவன் மனைவிதான் விடுவதில்லை. எப்போது போனாலும் கருவாட்டுக் குழம்பு வைத்து, பரிமாறும்போது கேட்கும்: "அண்ணே, ஏலக்கா போதுமா, இன்னும் ரெண்டு தட்டிப் போடவா?"

பேரப்பிள்ளைகள் வரை சிரிக்கும். நான் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்துகொண்டிருப்பேன்.