மாப்பிள்ளை மீது வழக்கு இல்லை

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை

மாதவரம் பால்பண்ணைக் காலனியில் வசிக்கும் மாப்பிள்ளை கருணாகரன் அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் லோகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். இரத்த அழுத்தம் நீங்கலாக மற்றவை நலம். அங்கு நீங்களும் தங்கை குணசுந்தரியும் குழந்தை கீர்த்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலைக்குப் போகும் பெண்ணைக் குழந்தை என்று எழுதினால் அவள் கோபித்துக்கொள்வாள். தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இல்லையென்றால் அந்தச் சொல்லை நீங்களே அடித்துவிடவும்.

கீர்த்தி விரும்பி, நாமும் பேசி வைத்திருக்கும் வள்ளூர் பையன் தீனாவின் மேல் போலீஸ் கேஸ் ஏதாவது உண்டா என்று நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் விசாரித்து எழுதச் சொன்னீர்கள். உங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்கும்போது, "அந்த வூட்டு மேல ஒரு கேஸு கீதும்மா, பாத்துக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து குணசுந்தரி சரியாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னீர்கள். அதனால் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தீனாவின் மேல் எந்த வழக்கும் இல்லை. வேறு அவசர வேலை இருந்தால் கடிதத்தை இத்துடன் மடித்து வைத்துவிடலாம். மடிக்கவில்லையென்றால் மேலே படியுங்கள், ஆனால் குணசுந்தரிக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டாம்.

உரத் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் காலமெல்லாம் மாதிரி பார்த்தவன் நான். எதையும் முறைப்படிதான் தொடங்குவேன். நீதிமன்ற வழக்குகளுக்கென்று அரசாங்க இணையதளம் ஒன்று இருக்கிறது. மாவட்டம், நீதிமன்றம், பெயர், ஆண்டு எல்லாம் கொடுத்தால் வழக்கு வரும். அதற்கு முன் கோணல்மாணலாகச் சில எழுத்துக்களைக் காட்டி, இது என்ன என்று கேட்கிறது. கேட்பது மனிதன்தானா என்று சோதிக்கிறதாம். நான் பலமுறை தவறாகச் சொன்னதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் கதவு திறந்தால் உள்ளே ஏகப்பட்ட தீனாக்கள். ஒருவன் செல்போன் பறித்திருந்தான், ஒருவன் பேருந்துக் கண்ணாடியை உடைத்திருந்தான், ஒருவன் சொந்த மாமனாரைக் கட்டையால் அடித்திருந்தான். அவனுடைய தகப்பன் பெயர் வேறு என்று தெரியும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. பழைய வழக்குகள் பல அதில் ஏறியிருக்காது, நேரில்தான் தேட வேண்டும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நேரில் என்றதும் காவல் நிலையத்துக்குப் போனேன். வழக்கு எண் தெரிந்தால் தேடுவது சுலபம் என்று கேள்வி. படியேறியதுமே ஒரு காவலர், "இன்னா பெருசு, கம்ப்ளெய்ன்டா?" என்று கேட்டார். வந்த காரணத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. குடை தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். கையில் குடை இருந்தது. "இது இன்னா?" என்றார். "இது இன்னொன்று" என்றேன். எழுதிக்கொண்டு ரசீதும் கொடுத்தார். மாப்பிள்ளை, அரசாங்கத்திடம் நான் சொன்ன முதல் பொய் அது; அதற்கு ரசீதும் என்னிடம் இருக்கிறது.

பிறகுதான் விம்கோ நகரில் இருக்கும் வக்கீல் ஃபாத்திமாவிடம் போனேன். கெட்டிக்காரப் பெண், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். "கேஸ் நம்பர் இன்னா அங்கிள்?" தெரியாது என்றேன். "எந்த ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆர்?" தெரியாது. "எந்த வருஷம்?" அதுவும் தெரியாது. "அங்கிள், நீங்க கேஸத் தேடுறீங்களா, மாட்டிக்க ஒரு கேஸு தேடுறீங்களா?" என்று சிரித்தாள். இருந்தாலும் பொறுமையாக விளக்கினாள். முடிந்த வழக்கின் தீர்ப்பை யாரும் கேட்கலாம். ஆனால் வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் ஆள் நகல் கேட்டால், எதற்கு வேண்டும் என்று பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட்டு, முத்திரைவில்லை ஒட்டி, நீதிபதியின் அனுமதி வாங்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் நான், 'தங்கை மகளை அந்த வீட்டில் கொடுக்கலாமா என்று அறிய' என்று எழுதியிருந்தேன். ஃபாத்திமா அதை அடித்துவிட்டு, 'சொந்த உபயோகத்துக்கு' என்று எழுதினாள், ஏதோ கறிவேப்பிலை வாங்குவதுபோல.

மனு விசாரணைக்கு வந்த அன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. வாசலில் டவாலி என் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். எழுபது வருடத்தில் என் பெயரை யாரும் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதில்லை. கால் தானாக நடந்தது. போய் எங்கே நின்றேன் என்று நினைக்கிறீர்கள்? குற்றவாளிக் கூண்டில் ஏறிக் கைகட்டி நின்றுவிட்டேன். நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவர் எந்தக் கேஸ் அக்யூஸ்ட்?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் அந்த நிமிடத்தில் தெரியவில்லை. ஃபாத்திமா ஓடிவந்து, இவர் மனுதாரர் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. தீனா என்ற பெயரில் நீங்கள் சொல்கிற வழக்கு எதுவும் இங்கே இல்லை, சரியான விவரத்துடன் வரவும் என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். அப்பாடா என்று திரும்புகிறேன், கதவருகே தீனாவின் அப்பா, நம் வருங்காலச் சம்பந்தி வேம்பு நிற்கிறார்.

வேம்புவுக்கு அனல்மின் நிலையத்துச் சாம்பல் அள்ளும் லாரிகள் ஓடுகின்றன அல்லவா? அதிகப் பாரம் ஏற்றியதற்கு அபராதம் கட்ட வந்திருக்கிறார். நான் கூண்டிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டார். தோளில் கைபோட்டு டீக்கடைக்கு அழைத்துப்போனார். கனமான கை.

"இன்னா மாமு, கூண்டுல நின்னுகினு கீற? இன்னா பண்ண?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பிறகு ஏன் வந்தாய் என்பார். "சின்ன விஷயம்" என்றேன்.

"அடிதடியா?"

தலையை எப்படியோ ஆட்டினேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"யோவ், உன் மூஞ்சிக்கி நம்பவே முடியல மாமு! யாரப் போட்ட?" என்று அசந்துபோய் எனக்கு இன்னொரு டீ சொன்னார். அதுவரை அவர் எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. "பேஜாரு படாத. சம்பந்தி ஆவப்போறோம், உன் கேஸு என் கேஸு. நம்ம வக்கீலு ஒருத்தர் கீறாரு. என்னியே வெளிய கொண்டாந்தவரு, உன்னுது அவருக்கு ஜுஜுபி."

"உங்களை எதிலிருந்து?" என்றேன்.

"அத்த வுடு, பழைய கத. சாச்சி நிக்காதுன்னு மொத நாளே சொன்னாரு. அதே மாரி நிக்கல." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "சீக்கிரம் கல்யாணத்த முடிப்போம் மாமு. வூட்ல அடுப்பு பத்த வைக்கக்கூட ஒரு பொம்பள இல்ல."

பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. மீன்கார அம்மாள் சொன்னது வீட்டைப் பற்றி. நாம் தேடியது பையனை. மாப்பிள்ளை குடிக்கிறானா, புகைக்கிறானா, சம்பளம் என்ன, சகவாசம் என்ன என்று தெரு முழுக்க விசாரிக்கிறோம். சம்பந்தியை யார் விசாரிக்கிறோம்? அவர் தாம்பாளத்தோடு வருவார், நாம் நாற்காலி போடுவோம். நானும் அப்படித்தான் தவறான பெயரில் தேடியிருக்கிறேன். சாட்சி நிற்காத பழைய கதையையும் பெண் இல்லாத அந்த வீட்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்துவிட்டார் என்று தீனா கீர்த்தியிடம் சொல்லியிருக்கிறான் அல்லவா? அதிலிருந்து ஆண்டைக் கணக்கிட்டு ஃபாத்திமாவிடம் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. கொலை வழக்கென்றால் பெரிய கோர்ட்டில்தான் நடக்கும், கட்டும் அங்கேதான் இருக்கும் என்று சொல்லி, வேம்புவின் பெயரில் வேறு மனு எழுதினாள். அலைந்தோம். கட்டு வேறு அறைக்கு மாறியிருக்கிறது என்றார்கள், சாவி வைத்திருப்பவர் விடுப்பு என்றார்கள், அவர் வந்த அன்று மழை என்றார்கள். இதற்கு நடுவில் வேம்பு தினமும் போன் செய்து என் கேஸ் எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தார். ஆப்பிள் வாங்கி அனுப்பினார். அந்த ஆப்பிளைத் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை முத்திரையிட்ட நகல் கைக்கு வந்தது.

சுருக்கமாக எழுதுகிறேன். தீனாவின் அம்மா பெயர் சங்கமித்ரா, புளியந்தோப்புப் பெண். பட்டப்பகலில் சமையற்கட்டில் எரிந்து இறந்திருக்கிறாள். ஸ்டவ் வெடித்தது என்பது வேம்பு தரப்பு. கூச்சல் கேட்டது, வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் வேம்புவுக்கும் தண்ணீர்க் குழாயில் தகராறு உண்டு என்று அதைத் தள்ளிவிட்டார்கள். அரசுத் தரப்பின் முதல் சாட்சி தீனா. போலீசில் எல்லாம் பார்த்ததாகச் சொன்ன பிள்ளை, கோர்ட்டில், 'நான் தூங்கிவிட்டேன்' என்று சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் சாட்சி தன் தகப்பனைப் பார்த்தான் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. சம்பவ இடத்தில் பள்ளிக்கூடப் பையும், பாதி கடித்த வடையோடு ஒரு தட்டும் கிடந்தன என்றும் இருக்கிறது. வடையைப் பாதியில் வைத்துவிட்டு எந்தப் பிள்ளையாவது தூங்குமா, மாப்பிள்ளை? இதை நான் பலமுறை யோசித்தேன். ஆனால் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்து வேம்புவை விடுதலை செய்துவிட்டார்கள்.

சட்டம் விடுவித்த மனிதரைக் குற்றம் சொல்ல நான் யார்? கூண்டு எது, மனுதாரர் நிற்கும் இடம் எது என்று தெரியாதவன். என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம், ஆய்வுக்கூடத்தில் இரண்டொரு முறை தவறியிருக்கிறது. பையன் நல்லவன், கீர்த்திக்குப் பிடித்திருக்கிறது, மண்டபத்துக்கும் சொல்லியாயிற்று. நீங்கள் கேட்டது மாப்பிள்ளையைப் பற்றி. மாப்பிள்ளை மீது வழக்கு இல்லை. ஆகவே, நன்கு யோசித்த பின் என் அபிப்பிராயம், நிச்சயத்தை நடத்தலாம் என்பதே. தாய்மாமன் சீரோடு காலையிலேயே வந்துவிடுகிறேன்.

குணசுந்தரி வேளைக்குச் சாப்பிடட்டும். கீர்த்தி எங்கிருந்தாலும் குறைவில்லாமல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
லோகநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தீனா வந்தான். மாமா ஏதோ அடிதடி கேசில் மாட்டியிருக்கிறார், போய் ஜாமீன் கையெழுத்துப் போட்டு வா என்று அவன் அப்பா அனுப்பியிருக்கிறார். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தான். நகல் மேசைமேல் கிடந்ததை நான் மறைப்பதற்குள் பார்த்துவிட்டான். முழுவதும் நின்றபடியே படித்தான். பிறகு, "நா தூங்கல மாமா" என்றான். தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, "கீர்த்தி அந்த வூட்டுக்கு வாணாம் மாமா. நீயே சொல்லிடு. நானே அங்கதான் கீறேன், நா எப்டி சொல்லுவேன்?" என்றான்.

மேலே என் அபிப்பிராயம் என்று எழுதியதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கையெழுத்து நன்றாக அமைந்துவிட்டதால் அடிக்கவில்லை. நிச்சயத்துக்கு நான் வரமாட்டேன். தாய்மாமன் வராமல் நிச்சயத் தாம்பூலத் தட்டை யாரும் மாற்ற முடியாது என்பதை வேம்புவிடம் நானே போய்ச் சொல்லப்போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, என்னைப் பெரிய ரவுடி என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான் தைரியம். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கீர்த்தியும் படிக்கட்டும். அதன்பிறகு தீனாவோடு வேறெங்காவது வீடு பார்ப்பதா, வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும்.

கொஞ்சம் தூங்கு என்று தீனாவுக்குப் பாய் விரித்துக் கொடுத்தேன். படுத்திருக்கிறான். கண் திறந்தே இருக்கிறது.